ஓர் இருமலும் இருபத்தெட்டு ஆசிரியர்களும்

தலைமன்னார் சிங்கராசாவுக்கு வந்தது சாதாரண இருமல் இல்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவர் அவருடைய மனைவி மார்த்தா. சிங்கராசா கடற்கரையில் நின்று இருமினால், மீனை ஏலம் கூறுகிறவன் யாரோ விலையை ஏற்றிவிட்டார்கள் என்று திரும்பிப் பார்ப்பான். இப்படி இரண்டு தடவை ஒரு கூடைச் சூடை மீன் அவர் தலையில் விழுந்தது. மீன் பிடிக்கிறவன் மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவதை எந்தப் பெண்தான் பொறுத்துக்கொள்வாள்?

"இஞ்சேருங்கோ, ஒரு நாளைக்கு எத்தினை தரம் இருமுறியள் எண்டு எண்ணி எழுதுங்கோ. பேந்து டொக்டரிட்டக் காட்டுவம்," என்றார் மார்த்தா.

சிங்கராசா சொன்னதைச் செய்கிற மனிதர். மாதா கோயில் கலண்டரின் ஒவ்வொரு தாளுக்கும் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினார். இருமல் நாற்பது. கடலுக்குப் போனது. இருமல் அறுபத்திரண்டு. கோயிலில் ஊதினது. அவருக்கு ஞாயிற்றுக்கிழமைகளிலும் திருநாட்களிலும் இன்னொரு வேலை இருந்தது. கோயில் வாத்தியக் குழுவில் ட்றொம்போன் ஊதுவார். முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்து ஊதுகிற அந்தப் பித்தளைக் குழாய் குழுவுக்கு வந்து முப்பது வருடம். வந்த நாளிலிருந்து அதை வெளியே எல்லாரும் துடைத்தார்கள். உள்ளே ஒருவரும் கழுவவில்லை.

எட்டு மாதக் கலண்டரைச் சுருட்டி ஒரு பைக்குள் வைத்துக்கொண்டு அவர் பஸ் ஏறினார்.

முருங்கனுக்கும் உயிலங்குளத்துக்கும் இடையில், வயல்களுக்கு நடுவே, கரையோர நெஞ்சுநோய் ஆராய்ச்சி வைத்தியசாலை புதிதாகத் திறந்திருந்தது. நோயாளருக்கு எட்டுக் கட்டில்களும் ஆராய்ச்சிக்குப் பதினாறு அறைகளும் அங்கே இருந்தன. வாசலில் பணிப்பாளர் டொக்டர் சிவசுப்பிரமணியத்தின் பொன்மொழி ஒன்று கல்லில் வெட்டியிருந்தது: "நோயாளி இன்று வருவார், நாளை போவார். கட்டுரை நிற்கும்."

பதிவு மேசையில் இருந்த ஸீனத் அவருக்கு நோயாளர் அட்டை ஒன்று போட்டுக் கொடுத்தார். பத்து நிமிடத்தில் இளம் வைத்தியர் தக்சிகாவின் அறைக்குள் போனார். ஆராய்ச்சி வைத்தியசாலையில் நோயாளி பார்ப்பது கடைநிலை வேலை என்பதால் அது தக்சிகாவுக்குக் கிடைத்திருந்தது.

தக்சிகா கலண்டரை விரித்துத் தாள் தாளாகப் பார்த்தார். பார்த்துக்கொண்டு போனவர் மார்ச் மாதத்தில் நின்றார்.

"ஐயா, இந்த ஆறு கிழமையும் இருமலே இல்லைப்போல?"

"ஓம் பிள்ளை. அது தவக்காலம். தவக்காலத்தில எனக்கு இருமல் வாறதில்லை. உயிர்த்த ஞாயிறுப் பூசையோட திரும்பப் பிடிக்கும். மனிசி அது பக்தியில எண்டுதான் சொல்லுறா. எனக்கெண்டா குழல்லதான் சந்தேகம். தவக்காலத்தில நாங்கள் ஊதிறேல்லை. அதைத்தான் பின்பக்கத்தில எழுதியிருக்கிறன், பாருங்கோ."

தக்சிகா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். அடுத்த நாளே ட்றொம்போன் பஸ்ஸில் வந்தது. உள்ளே பஞ்சு விட்டு எடுத்தபோது பச்சையாகவும் கறுப்பாகவும் பூஞ்சணம் வந்தது. ஊதுவதற்கு மூச்சை இழுக்கும் ஒவ்வொரு தடவையும் சிங்கராசா முப்பது வருடப் பூஞ்சணத்தை நெஞ்சுக்குள் எடுத்திருக்கிறார்.

"குழலைக் கழுவினா சரி. நீங்கள் மூண்டு மாதம் ஊதக்கூடாது. இந்தக் குளிசையைக் காலமையில ஆறு போடுங்கோ, பேந்து கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்பம். ஒண்டு மட்டும் ஞாபகம் வச்சிருங்கோ, இதைச் சடாரெண்டு நிப்பாட்டக்கூடாது. நிப்பாட்டினா ஆபத்து," என்றார் தக்சிகா.

மூன்று கிழமையில் இருமல் பாதியாகக் குறைந்தது. கதை இத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் தக்சிகா இதைப் பற்றி நான்கு பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதிவிட்டார்.

கட்டுரையைக் கேள்விப்பட்ட பணிப்பாளர் சிவசுப்பிரமணியம் மிகவும் மகிழ்ந்து, முதலில் தன் பெயரைப் போட்டார். பிறகு துணைப் பணிப்பாளரின் பெயரைப் போட்டார், அவர் மனவருத்தப்படக்கூடாது என்பதற்காக. ட்றொம்போனை வாயில் வைப்பதால் பல் வைத்தியரின் பெயர் வந்தது. அப்போது லீவில் இருந்த இருதய நிபுணரின் பெயரும், அந்த லீவைக் கையெழுத்திட்டவரின் பெயரும் வந்தன. ரொறொன்ரோவில் கண் வைத்தியராக இருக்கும் பணிப்பாளரின் மைத்துனரின் பெயர், கட்டுரைக்குச் சர்வதேசத் தரம் வேண்டும் என்பதற்காக வந்தது. இருபத்திரண்டாவது பெயர் யாருடையது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. போன கட்டுரையிலும் அவர் இருந்தார், அதற்கு முந்தியதிலும் இருந்தார். எடுத்துவிடலாமா என்று தக்சிகா கேட்டபோது, மூத்தவரை அப்படி அவமதிக்கக்கூடாது என்று கண்டிக்கப்பட்டார். கடைசியில் ஆசிரியர்கள் இருபத்தேழு பேர். தக்சிகாவுக்குப் பத்தொன்பதாவது இடம் கிடைத்தது. கட்டுரை நான்கு பக்கம், பெயர்கள் ஐந்து பக்கம்.

கட்டுரையை வாங்கிய வெளிநாட்டுச் சஞ்சிகை, இருபத்தேழு பேரும் என்னென்ன செய்தார்கள் என்று கேட்டு எழுதியது. வேறொருவராக இருந்தால் வெட்கப்பட்டிருப்பார். சிவசுப்பிரமணியம் அதிலும் ஓர் ஆராய்ச்சியைக் கண்டார். ஆசிரியத்துவ ஆய்வுப் பிரிவு என்று பதினேழாவது அறை ஒன்று திறக்கப்பட்டது. ஒரு கட்டுரைக்கு யார் ஆசிரியர் என்பதை விஞ்ஞான முறைப்படி ஆராய்வதற்கென்று கலாநிதி கபிலன் வரவழைக்கப்பட்டார். அவர் நான்கு வருடம் இதையே படித்துப் பட்டம் பெற்றவர். வீட்டிலும் அச்சடித்த மாதிரித்தான் பேசுவார்.

கபிலனிடம் நான்கு கேள்விகள் இருந்தன. யோசனையோ தரவோ உம்முடையதா? எழுதினீரா, திருத்தினீரா? முடிந்த கட்டுரையை வாசித்து ஒப்புக்கொண்டீரா? பிழை வந்தால் பொறுப்பேற்பீரா? நான்கிற்கும் ஓம் என்றால்தான் ஆசிரியர்.

பணிப்பாளர் முதலாவதாக வந்து உட்கார்ந்தார்.

"நான் கட்டுரையை வாசிக்கேல்லை எண்டது உண்மை. வாசிச்சா எனக்குப் பக்கச்சார்பு வந்திடும். ஆனா அதில என்ர பேர் சரியா எழுதியிருக்கோ எண்டு மூண்டு தரம் பார்த்தனான். அதைத் திருத்தினது எண்டு எடுக்கலாம்."

இருதய நிபுணர் இன்னும் தெளிவாகச் சொன்னார். "நான் அந்த வருத்தக்காரரைப் பார்க்கேல்லை. பார்த்திருந்தா தக்சிகாவுக்கு முதலே கண்டுபிடிச்சிருப்பன். அந்தச் சாத்தியக்கூறுதான் என்ர பங்களிப்பு."

பிழை வந்தால் பொறுப்பேற்பீர்களா என்ற கேள்விக்கு, வந்து உட்கார்ந்த இருபத்துநான்கு பேரும் ஒரே மாதிரி, "அதைத் தக்சிகாவிட்டக் கேளுங்கோ," என்றார்கள். ரொறொன்ரோக் கண் வைத்தியர் மின்னஞ்சலில், "எந்தக் கட்டுரை? எப்படியும் வாழ்த்துகள்," என்று பதில் போட்டார்.

தக்சிகா மட்டும் நான்கிலும் தேறியிருப்பார். ஆனால் முதற் கேள்விக்கு அவர் நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டார். "யோசனை என்ர இல்லை. குழல்லதான் சந்தேகம் எண்டு சிங்கராசா ஐயாதான் சொன்னவர். தரவும் அவற்றதான். அவர் எழுதின கலண்டரைத்தான் நான் அட்டவணையாப் போட்டனான்."

கபிலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கலண்டரை வாங்கி ஒரு கிழமை ஆராய்ந்தார். முடிவில் நாற்பது பக்க அறிக்கை வந்தது. அதன் கடைசி வரி: "இக்கட்டுரையின் முதலாம் ஆசிரியர் நோயாளியே ஆவார்."

இதைக் கேட்டு மற்ற ஆசிரியர்கள் பதறினார்கள். சிவசுப்பிரமணியம் பதறவில்லை. அவர் உடனே படப்பிடிப்பாளரை அழைத்தார். "உலகத்திலேயே நோயாளியை ஆசிரியராக்கின முதல் வைத்தியசாலை நாங்கள்தான். ஒருத்தற்ற பேரையும் வெட்டத் தேவையில்லை. இருபத்தெட்டாக்கினாச் சரி," என்றார்.

கடிதம் தலைமன்னாருக்குத் தபாலில் வந்தது. மார்த்தா இரண்டு தரம் வாசித்தார்.

"உங்களை ஆசிரியராப் போட்டிருக்காம். எந்தப் பள்ளிக்கூடத்தில?"

"எனக்கென்ன தெரியும். நான் எட்டாம் வகுப்போட நிண்டனான்."

"கிட்டடியில எண்டாக் கேட்டு வாங்குங்கோ. மடு, வவுனியா எண்டு தூரத்தில போட்டா நாள் முழுக்க பஸ்ஸிலதான்."

அன்று பின்னேரமே பக்கத்து வீட்டு யசிந்தா தன் மகளை ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். சிங்கராசா அந்தப் பிள்ளைக்கு வலை முடிச்சு ஒன்று போடக் காட்டிக்கொடுத்து அனுப்பினார்.

அடுத்த கிளினிக் நாளன்று அவரிடம் ஐந்து நாளைக்குத்தான் குளிசை மிச்சம் இருந்தது. அவர் அட்டையை ஸீனத்திடம் நீட்டினார். ஸீனத் கொம்பியூட்டரைத் தட்டிப் பார்த்து, இன்னொரு தரம் தட்டிப் பார்த்தார்.

"உங்கட பேர் நோயாளர் பட்டியல்ல இல்லையே ஐயா. ஆய்வாளர் பட்டியல்ல இருக்கு."

"இருக்கட்டும் பிள்ளை. குளிசையைத் தந்தாப் போயிடுவன்."

"ஆய்வாளருக்குக் குளிசை குடுக்கேலாது. தேத்தண்ணி குடுக்கலாம். பிஸ்கற்றும் இருக்கு."

சிங்கராசா தேத்தண்ணியைக் குடித்துவிட்டு பணிப்பாளரின் கந்தோருக்குப் போனார். முன்பெல்லாம் அவரை "நீர்" என்று கூப்பிட்ட சிவசுப்பிரமணியம் இப்போது எழும்பிக் கை கொடுத்தார்.

"வாங்கோ, வாங்கோ. இருங்கோ. நெறிமுறைக் குழு போன கிழமை கூடினது. அதுக்குத் தலைவர் நான்தான். தன்னில தானே ஆராய்ச்சி செய்யிற ஆளை நம்பேலாது எண்டு முடிவெடுத்தம். தனக்கு வருத்தம் மாறினதெண்டு அவரே எழுதுவார், என்ன? அதனால ஆசிரியர் நோயாளியா இருக்கக்கூடாது. உங்கட நல்ல பேரைக் காப்பாற்றத்தான் உங்கள நோயாளர் பட்டியல்ல இருந்து எடுத்தனாங்கள்."

"அப்ப என்ர வருத்தம் ஐயா?"

"அது கட்டுரையில பாதுகாப்பா இருக்கு."

தக்சிகா ஒரு துண்டில் குளிசையை எழுதிக் கொடுத்தார். மருந்துக் கவுண்டரில் அதைத் திருப்பிவிட்டார்கள். ஓர் ஆசிரியர் இணையாசிரியருக்கு மருந்து எழுதினால் அது சலுகையாம். வேறு ஆசுப்பத்திரிக்குப் போகலாம் என்றால் எக்ஸ்ரேயும் கோப்பும் ஆராய்ச்சிக்குச் சொந்தமாம், வெளியே கொடுக்க இருபத்தெட்டு ஆசிரியர்களும் கையெழுத்துப் போடவேண்டுமாம். இருபத்திரண்டாவது ஆளை எங்கே போய்த் தேடுவது?

சிங்கராசாவுக்கு ஒரு வெள்ளைக் கோட்டும் கழுத்தில் தொங்கவிடும் அடையாள அட்டையும் கொடுத்தார்கள். மூன்று கூட்டங்களுக்கு அழைத்தார்கள். முதல் கூட்டத்தில் அவர் இருமியபோது, "முதலாம் ஆசிரியர் ஆட்சேபம் தெரிவித்தார்" என்று கூட்டக் குறிப்பில் எழுதினார்கள். இரண்டாவது கூட்டத்தில் அவர் அடக்கிக்கொண்டு இருந்ததால், பிரேரணை ஏகமனதாக நிறைவேறியது. அது என்ன பிரேரணை என்று அவருக்குக் கடைசி வரைக்கும் தெரியாது.

மூன்றாவது, ஆராய்ச்சி மாநாடு. குளிசை இரண்டு நாளைக்குத்தான் இருந்தது. அதனால் அவர் தன்பாட்டில் காலையில் ஒன்றாகக் குறைத்திருந்தார். இருமல் திரும்பிக்கொண்டிருந்தது, படி ஏறினால் மூச்சும் இழுத்தது. மேடையில் அவருக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். அவர் "எல்லாருக்கும் வணக்கம்" என்று தொடங்கி, ஆறு நிமிடம் இருமினார். மண்டபம் எழும்பி நின்று கை தட்டியது. இவ்வளவு தெளிவான செய்முறை விளக்கத்தைத் தான் கண்டதில்லை என்று பல் வைத்தியர் பக்கத்து ஆளிடம் சொன்னார்.

பார்வையாளர் ஒருவர் எழும்பிக் கேட்டார். "ஆசிரியரிடம் ஒரு கேள்வி. நோயாளி தேறுவார் என்று நினைக்கிறீர்களா?"

"குளிசை குடுத்தாத் தப்புவான்," என்றார் சிங்கராசா.

அதற்கும் கை தட்டினார்கள். இருதய நிபுணர் அந்த வசனத்தைக் குறித்துக்கொண்டார்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தபோது சிங்கராசாவுக்கு முதன்முறையாகப் பயம் வந்தது. நாற்பது வருடக் கடலில் எஞ்சின் நின்ற நாட்களிலும் இப்படிப் பயந்தவரில்லை. அங்கே காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து ஏதாவது செய்யலாம். இங்கே எல்லாரும் மரியாதை செய்துகொண்டே நின்றார்கள்.

தக்சிகா வந்து பக்கத்தில் இருந்தார்.

"ஐயா, நாளைக்கு உங்களை வரச் சொல்லியிருக்கினம். சஞ்சிகைக்காரர் நோயாளியின்ர சம்மதப் படிவம் இல்லை எண்டு எழுதியிருக்கினம். அது இல்லாமல் கட்டுரை போடமாட்டினமாம்."

"என்னட்ட ஏன் கேக்கினம்? நான்தான் நோயாளி இல்லையே."

தக்சிகா மண்டப வாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு, "அதைத்தான் ஐயா, நீங்கள் நாளைக்கு அங்க கேக்கவேணும்," என்றார்.

அடுத்த நாள் காலை கூட்ட அறையில் நெறிமுறைக் குழு முழுவதும் இருந்தது. கபிலன் சாட்சியாக வந்திருந்தார். சிங்கராசா அதே கேள்வியைக் கேட்டார். குழு திகைத்தது. நோயாளர் பட்டியலில் இல்லாதவர் சம்மதம் கொடுத்தால் செல்லாது. ஒரு மணித்தியாலம் பேசி, சம்மதம் எடுப்பதற்காக மட்டும் அவரை நோயாளராகப் பதிவதென்று தீர்மானித்தார்கள். ஸீனத்தைக் கூப்பிட்டுக் கொம்பியூட்டரில் ஏற்றி, புது அட்டையும் அடித்து எடுத்தார்கள்.

அடுத்த சிக்கலைக் கபிலன் கிளப்பினார். "விதியின்படி சம்மதத்தைக் கேட்கவேண்டியவர் முதலாம் ஆசிரியர். அவர் நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கவேண்டும்."

எனவே இரண்டு கதிரைகள் எதிரெதிராகப் போடப்பட்டன. ஆசிரியராகப் பேசும்போது சிங்கராசா வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு இடப்பக்கக் கதிரையில் இருக்கவேண்டும். நோயாளியாகப் பேசும்போது அதைக் கழற்றிவிட்டு வலப்பக்கத்தில் இருக்கவேண்டும்.

தக்சிகா படிவத்தை வாசித்தார். எல்லாவற்றையும் வேகமாக வாசித்தவர் ஒரு வரியை மட்டும் ஆறுதலாக, சொல் சொல்லாக வாசித்தார். "நோயாளி காரணம் எதுவும் கூறாமல் சம்மதத்தை மறுக்கலாம். மறுத்தாலும் அவருக்குரிய மருந்து நிறுத்தப்படமாட்டாது."

சிங்கராசா அவரைப் பார்த்தார். தக்சிகா தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு இடப்பக்கத்தில் உட்கார்ந்து, எதிரே இருந்த வெறுங்கதிரையைப் பார்த்துக் கேட்டார்.

"உம்மட இருமலைப் பற்றி எழுதப்போறம். உமக்குச் சம்மதமோ?"

எழும்பினார். கோட்டைக் கழற்றி மடித்து வைத்தார். வலப்பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஒரு தரம் இருமினார்.

"இல்லை," என்றார்.



"என்ன இல்லை?" என்றார் சிவசுப்பிரமணியம்.

"சம்மதமில்லை."

"நீர் என்ன விளையாடுறீரோ? ஒரு கையெழுத்துத்தானே, போடும்!"

கபிலன் கையை உயர்த்தினார். "நோயாளியை எவரும் வற்புறுத்தலாகாது. தங்கள் குழுவின் விதி, ஐயா. பக்கம் பன்னிரண்டு."

சிவசுப்பிரமணியம் வியர்வையைத் துடைத்தார். குரலை இறக்கினார். "சரி. அப்ப ஆசிரியர் ஒருக்கா நோயாளியோட கதைச்சுப் பாக்கலாமே? நீங்கள் சொன்னாக் கேப்பார்."

சிங்கராசா எழும்பிக் கோட்டைப் போட்டு, இடப்பக்கம் போய் உட்கார்ந்து, வெறுங்கதிரையைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு பணிப்பாளர் பக்கம் திரும்பினார்.

"எனக்கு ஆளை நல்லாத் தெரியும் ஐயா. ஒரு சொல்லுக்காரன். இனி மாறமாட்டான்."

அன்று மத்தியானம் பன்னிரண்டரைக்குக் கட்டுரை வாபஸ் ஆனது. கட்டுரை இல்லை என்பதால் ஆசிரியர்களும் இல்லை என்று கபிலன் அறிக்கை எழுதினார். இருபத்தெட்டுப் பேரும் ஒரே கையெழுத்தில் ஒழிந்தார்கள். அவர்களில் இருபத்திரண்டாவது ஆள் மாத்திரம் எந்த மனக்கசப்பும் காட்டவில்லை.

சிங்கராசா வெள்ளைக் கோட்டைக் கொடுத்துவிட்டு மருந்துக் கவுண்டரில் வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் ஒன்பது பேர் நின்றார்கள். யாரும் வழி விடவில்லை. அது அவருக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. ஒரு மாதக் குளிசையை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, போகும் வழியில் தக்சிகாவின் அறையை எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, உங்கட எழுத்தெல்லாம் வீணாப்போச்சே. எனக்கு அதுதான் ஒரு மாதிரியாக் கிடக்கு."

"பத்தொன்பதாவது பேர்தானே ஐயா," என்று சிரித்தார் தக்சிகா. "குளிசையை ஒழுங்காப் போடுங்கோ. ஆறில இருந்து திரும்பத் தொடங்குவம். அடுத்த மாதம் வாங்கோ, நெஞ்சைப் பாப்பம்."

தலைமன்னார் பஸ் நிற்கிற இடத்தில் மார்த்தா காத்துக்கொண்டு நின்றார்.

"என்னவாம்?"

"நான் வருத்தக்காரன்தானாம்," என்றார் சிங்கராசா.

மார்த்தா நடுரோட்டிலேயே சிலுவை அடையாளம் போட்டார். "ஆண்டவருக்குத் தோத்திரம். வடிவாக் கேட்டனீங்களோ? பேந்து மாத்திச் சொல்லமாட்டினமே?"

"எழுத்தில தந்தவங்கள்."

அட்டையை வாங்கி, வெயிலுக்குக் கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு, நோயாளி என்ற சொல்லை ஒவ்வோர் எழுத்தாகத் தடவிப் பார்த்தார் மார்த்தா. பிறகு அதைத் தன் கைப்பைக்குள் வைத்துப் பூட்டினார். இருவரும் கடற்கரைப் பக்கமாக நடந்தார்கள். பாதி வழியில் சிங்கராசாவுக்கு இருமல் வந்தது. ஒரு வேலிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, ஆசை தீர இருமினார். ஒருவரும் கை தட்டவில்லை. ஒருவரும் குறித்துக்கொள்ளவில்லை. மார்த்தா முதுகைத் தடவிவிட்டார்.